உதயகுமாரின் மதிப்பிடப்பட்ட விருப்பம்

"பாவ மாத்திக் கேளுங்க. ஆனா எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே மனைவி இந்திராணி சொன்னது இது. ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் உதயகுமாருக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"டாக்டர் சொன்னத நீயும்தான கேட்டுக்கினு இருந்த?" என்றான் அவன். "முட்டி தேஞ்சிருக்குது, குழியில கால தொங்கவிட்டுக்கினு ஒருக்களிச்சு ஒக்காரக் கூடாதுன்னாரு. அத சொன்னாத்தான சங்கத்துல ஒத்துப்பாங்க?"

"அவரு சொல்லுவாரு. அவரா தறியில குந்தறாரு? இந்திராணிக்கு முட்டி போச்சுன்னு நாளைக்கே தெரு பூரா பேசும். எங்க அக்கா காதுக்குப் போனா, தறிக்காரனுக்குக் குடுக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்னு ஆரம்பிச்சுடுவா. ஒத்த நாடாப் பாவு வேணும்னு கேளுங்க. ஏன்னு கேட்டா, சும்மா ஒரு ஆசைன்னு சொல்லுங்க."

"எனக்கு அப்படியெல்லாம் ஆசை வராதேம்மா. நம்புவாங்களா?"

"வரவெச்சுக்கோங்க. ஓட்டல்ல ஒக்காந்தா, எது இருக்குதோ குடுப்பான்னு சொல்ற ஒரே ஆளு இந்த ஊர்ல நீங்கதான்."

நெசவு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாவு என்பது சங்கம் கொடுக்க, தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்; நாடா என்பது ஊடை எனும் குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்குத் தனி நாடாவும் ஓட வேண்டும். இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் இழையையும் கோத்துப் பூட்ட வேண்டும். அதைக் கோர்வை என்பார்கள். கோர்வைக்கு ஒரு ஆள் போதாது. நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் குழியில் காலைத் தொங்கவிட்டு, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து, கரை நாடாவைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உதயகுமார் தறியில் பத்தொன்பது வருஷமாக அந்த இன்னொருவர் இந்திராணி. ஒற்றை நாடாப் பாவில் உடலும் கரையும் ஒரே நாடாவில் ஓடிவிடும். ஒரு ஆளே நெய்துவிடலாம். கூலி குறையும். பெருமையும் கொஞ்சம் குறையும். முட்டி பிழைக்கும்.

ஆக, உதயகுமார் கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைக் கேட்க அவனுக்கு ஒன்பது நாள் ஒத்திகை தேவைப்பட்டது. தறியில் உட்கார்ந்து மிதியை மிதிக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பத்தாம் நாள் சட்டையை மாற்றிக்கொண்டு, பொற்கரை பட்டு நெசவாளர் சங்கத்துக்குப் போனான்.

சங்கத்தில் ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குப் பின்னால் கூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் காந்தா உட்கார்ந்திருப்பாள். உறுப்பினர் வந்து இன்னது வேண்டும் என்பார். காந்தா நோட்டில் எழுதிக்கொள்வாள். பதினைந்து நாளில் கிடைக்கும், அல்லது கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் கேட்டோம் என்ற திருப்தி கிடைக்கும்.

அன்றைக்கு அந்த ஜன்னலில் பிளைவுட் பலகை அடித்திருந்தது. பலகையில் அழகான எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "கோரிக்கைகள் பெறப்படுவதில்லை. விருப்பங்கள் மதிப்பிடப்படும்."

உதயகுமார் அதை இரண்டு தரம் படித்தான். பக்கவாட்டுக் கதவு வழியாகக் காந்தா டிபன் பாக்ஸைக் கழுவ வெளியே வந்தாள்.

"இன்னாம்மா காந்தா, பலக அடிச்சிருக்குது?"

"புதுசா விருப்ப மதிப்பீட்டுப் பிரிவுன்னு வந்திருக்குதுண்ணா. இனிமே யாரும் எதுவும் கேக்கக் கூடாதாம். நீ இன்னா கேப்பன்னு அவங்களே கண்டுபுடிச்சுடுவாங்களாம்."

"நான் இங்கயேதான நிக்கறேன். நானே சொல்லிட்டா வேல மிச்சந்தான?"

காந்தா அக்கம்பக்கம் பார்த்தாள். "சொல்லிடாதண்ணா. யாரு சொன்னாலும் பேரெழுதி வெக்கச் சொல்லியிருக்காங்க. தரவு கெட்டுடுமாம்."

ஒன்பது நாள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு உதயகுமார் வீட்டுக்கு வந்தான். கேட்டீங்களா என்று இந்திராணி கேட்டாள். அடுத்த வாரம் என்றான்.

அடுத்த வாரம் பிரிவின் தொடக்க விழா நடந்தது. இயக்குநர் முனைவர் ராமராஜன் பேசினார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எதிரில் இருப்பவர் தலைக்கு ஓரடி மேலே பார்க்கும் பழக்கம்.

"நண்பர்களே, கேட்பது என்பது ஒரு பழைய முறை. என்னுடைய இருபத்தாறு ஆண்டுப் பணியில் எத்தனையோ பேர் என்னிடம் வந்து எதையெதையோ கேட்டிருக்கிறார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று இன்று எனக்கு நினைவில்லை. அப்போதே நான் உணர்ந்தேன், இதில் எங்கோ ஒரு குறைபாடு இருக்கிறது என்று. அந்தக் குறைபாடு கேட்பவர்களிடம் இருக்கிறது என்பதை இப்போது ஆய்வு உறுதி செய்துள்ளது. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு மனிதனைக் கேட்டால், அவன் தனக்கு வேண்டியதையே சொல்லிவிடுகிறான். இதைத்தான் நாங்கள் சார்புநிலை என்கிறோம். இன்று முதல் இந்தச் சங்கத்தில் சார்புநிலைக்கு இடமில்லை."

கைதட்டினார்கள். உதயகுமாரும் தட்டினான். எல்லோரும் தட்டும்போது தட்டாமலிருக்க அவனுக்குத் தெரியாது.

கணக்கெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை சங்க மண்டபத்தில் நடந்தது. இருநூற்று நாற்பது உறுப்பினர்கள், பரீட்சைக்கு உட்கார்வதுபோல் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கக் கூடாது. டேப்லெட் வாங்கும் ஒப்பந்தம் முடியவில்லை என்பதால் அச்சடித்த அட்டைகள் வந்தன. மொத்தம் பதினாறு சுற்று, சுற்றுக்கு மூன்று அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு புடவைப் படம். படத்துக்குக் கீழே நெய்யும் நாள், கூலி, ஜரிகை எடை, பாவு வாங்கும் இடம், மேற்பார்வையாளர் வீட்டுக்கு வரும் தடவை எல்லாம் போட்டிருக்கும். மூன்றில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். மூன்றும் பிடிக்காவிட்டால் "இவற்றில் எதுவுமில்லை" என்ற நான்காவது அட்டை உண்டு.

சென்னையிலிருந்து வந்திருந்த புள்ளியியல் நிபுணர் ஜோசுவா மேடையில் நின்று விளக்கினார். "கலர் புடிக்குமா, கூலி புடிக்குமான்னு தனித்தனியா கேக்க மாட்டோம். எல்லாத்தையும் கலந்து கட்டிக் காட்டுவோம். நீங்க எதை விட்டு எதை எடுக்கறீங்கங்கறதுலேர்ந்து, உங்க மனசுல எதுக்கு எவ்வளவு எடைன்னு பிரிச்சிடுவோம்."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பிரியாணியைச் சாப்பிடுகிறவன் முகத்தைப் பார்த்தே உப்பு எவ்வளவு என்று சொல்லும் ஆட்கள் உண்டு. தப்பு எங்கே வந்தது என்றால், காஞ்சிபுரத்து நெசவாளி கையில் புடவைப் படம் போட்ட அட்டையைக் கொடுத்ததில் வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் யாரும் புடவையை முன்பக்கம் பார்த்து முடிவு செய்வதில்லை. முன்பக்கம் வாங்குகிறவர்களுக்கு. நெய்தவன் விரல் முதலில் பின்பக்கத்தைத்தான் புரட்டும். விட்டுப்போன இழை, மிதக்கும் ஜரிகை, சரியாகப் பூட்டாத கோர்வை எல்லாம் அங்கேதான் மாட்டும். ஆகவே இருநூற்று நாற்பது பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, கையில் வந்த அட்டையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

அட்டை மட்டமான அட்டை. கோர்வைப் புடவைப் படத்தில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், நடுவே கட்டம் என்று மை பிரிந்து விழுந்திருந்தது. ஒற்றை நாடாப் புடவைப் படத்தில் அட்டை முழுவதும் ஒரே அரக்கு, ஒரே பச்சை, திட்டாக மை. அந்த மை அட்டையில் ஊறிப் பின்பக்கம் கறையாக இறங்கியிருந்தது. கறையைக் கண்டதும் இருநூற்று நாற்பது பேரும் முகத்தைச் சுளித்து அந்த அட்டையை ஒதுக்கினார்கள்.

உதயகுமாரும் ஒதுக்கினான். எந்த ஒற்றை நாடாவைக் கேட்க ஒன்பது நாள் ஒத்திகை பார்த்தானோ, அதைப் பதின்மூன்று சுற்று தன் கையாலேயே தள்ளினான். முப்பது வருஷப் பழக்கம் அவனைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யவில்லை. பதினான்காம் சுற்றில்தான் ஒதுக்கிய அட்டைகளின் குவியலைத் தற்செயலாக நேராகப் பார்த்தான். அத்தனையும் ஒற்றை நாடா.

கை தூக்கினான்.

"பேசக் கூடாது," என்றார் மண்டபத்தில் நின்ற கண்காணிப்பாளர்.

"சார், நான் மாத்திப் போட்டுட்டேன். மொதல்லேர்ந்து..."

"முதல் தேர்வுதான் உண்மையான தேர்வு. உக்காருங்க."

மிச்சமிருந்த மூன்று சுற்றிலும் உதயகுமார் பின்பக்கம் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை நாடாவையே எடுத்தான். ஒன்றில் கூலி பாதி என்று போட்டிருந்தது. ஒன்றில் பாவை வாங்கத் தென்னேரிக்குப் போக வேண்டும். கடைசி அட்டையில் மேற்பார்வையாளர் தினம் மூன்று வேளை வீட்டுக்கு வருவார். வரட்டும் என்று அதையும் போட்டான்.

இருபது நாள் கழித்துத் தபாலில் வழவழப்பான தாள் ஒன்று வந்தது. மேலே அவன் பெயர். நடுவில் வண்ண வண்ணமாகக் கோடுகள். கீழே: "அன்புள்ள உறுப்பினரே, வாழ்த்துகள். தங்கள் விருப்பம் கண்டறியப்பட்டது. தாங்கள் பெரிய கரைக் கோர்வைப் பாவைத் தொண்ணூற்றொரு சதவீதம் விரும்புகிறீர்கள். ஒற்றை நாடாப் பாவைத் தாங்கள் வெறுக்கிறீர்கள்."

மறுநாளே பாவும் வந்தது. பழைய பாவில் கரை நாலு விரற்கடை. இதில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கரை அகலம் கூடக் கூட, கரை நாடா போடுகிறவர் உடம்பு அவ்வளவு தூரம் சாய வேண்டும்.

இந்திராணி பாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இதையா கேட்டீங்க?"

"நான் கேக்கலம்மா."

"அப்ப யாரு கேட்டது?"

"நான்தானாம்."

அவள் பழைய வேட்டியை நாலாக மடித்துக் குழி விளிம்பில் போட்டு, கையை ஊன்றி, காலை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். இறக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதை அவன் பார்க்கக் கூடாதென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் பார்த்தான். அன்றைக்கு நெய்த ஒன்றரைச் சாணில் அவன் நான்கு இடத்தில் இழை விட்டான்.

மறுவாரம் அவன் ஜோசுவாவைப் போய்ப் பார்த்தான். ஏ.சி. அறை, மூன்று கம்ப்யூட்டர். நல்ல மனிதர்தான் அவர். உட்காரச் சொன்னார். ஆனால் எதுவும் வேண்டும் என்று சொல்லிவிடக் கூடாது, சந்தேகம் மட்டும் கேட்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

"சந்தேகம்தான் சார். கடைசி மூணு சுத்துல ஒத்த நாடாவத்தான போட்டேன். அது இன்னா ஆச்சு?"

ஜோசுவாவுக்கு முகம் மலர்ந்தது. இப்படி ஒருவர் கேட்பார் என்று வந்த நாளிலிருந்தே காத்திருந்தவர்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதான் படிநிலை பேயஸ் முறையோட அழகே. ஒரு ஆளுகிட்ட பதினாறு பதில்தான் இருக்குது. பதினாறு பதிலை வெச்சு ஒரு மனுஷனை முடிவு பண்ணலாமா? பண்ணக் கூடாது. அதனால மொத்தச் சங்கத்துக்கும் ஒரு சராசரி எடுப்போம். தனி ஆளோட பதில் கொஞ்சமா இருந்தா, இல்ல முன்னுக்குப் பின் முரணா இருந்தா, அவரை அந்தச் சராசரிப் பக்கமா இழுத்துடுவோம்."

"இழுத்துடுவீங்களா?"

"நாங்க இழுக்கறதில்ல, கணக்கு இழுக்குது. உங்களுது பதிமூணு ஒரு பக்கம், மூணு ஒரு பக்கம். சங்கம் பூரா கோர்வைப் பக்கம். அப்ப அந்த மூணு இன்னா? கை தவறுனது."

"அந்த மூணுதான் சார் நான்."

ஜோசுவா சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்குவாங்க. ஆனா இதை நாங்க சும்மா சொல்லல. கம்ப்யூட்டர்ல இருபதாயிரம் தடவ உங்க மனசை ஓட்டிப் பாத்திருக்கோம். அதுலயும் மொதல் பத்தாயிரத்தைத் தூக்கிப் போட்டுடுவோம். அது சூடேறி நிலைக்கு வர்றதுக்கு."

அது ஒன்று உதயகுமாருக்குப் புரிந்தது. புதுப் பாவு பூட்டினால் முதல் சில விரற்கடை அலங்கோலமாகத்தான் வரும். இழுவை நிலைக்கு வந்தபிறகுதான் புடவை தொடங்கும். இவ்வளவு நியாயமான வேலையை இவ்வளவு அக்கறையாகச் செய்து, முடிவில் இந்திராணியின் முட்டியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்களே என்று நினைத்தபோது, யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"சார், அட்டைக்குப் பின்னாடி கறை இருந்துச்சு. அதனாலதான் எல்லாரும் ஒத்த நாடாவைத் தள்ளிட்டாங்க."

"பின்னாடியா? பின்னாடி ஒண்ணுமே அச்சடிக்கலயே. நீங்க ஏன் பின்னாடி பாத்தீங்க?"

அட்டையை நேராகப் பார்த்து முடிவு செய்யும் ஊரிலிருந்து வந்தவருக்கு, திருப்பிப் பார்க்கும் ஊரை எப்படி விளக்குவது. உதயகுமார் குறை இருந்தால் எங்கே சொல்வது என்று கேட்டுக்கொண்டு எழுந்தான்.

குறை தீர்ப்புப் பிரிவு மாடியில் இருந்தது. அங்கேயும் குறையைச் சொல்லக் கூடாது. குறை அட்டைகள் கொடுத்தார்கள். முதல் அட்டை: மழையில் நனைந்த ஜரிகை, தாமதம் ஆறு நாள், அலுவலர் முகம் கடுமை. இரண்டாவது: எடை குறைந்த பட்டு, தாமதம் இல்லை, அலுவலர் முகம் சிரிப்பு. மூன்றாவது: ஊடை நிறம் மாற்றம், தாமதம் மூன்று நாள், அலுவலர் விடுப்பில். மூன்றில் எந்தக் குறையை அதிகம் விரும்புகிறீர்கள்? எட்டுச் சுற்றிலும் உதயகுமாரின் குறை வரவில்லை. அவன் நேர்மையான ஆள். எட்டுத் தடவையும் "இவற்றில் எதுவுமில்லை" அட்டையைப் போட்டான்.

பத்து நாளில் தாள் வந்தது. "வாழ்த்துகள். தங்களுக்குக் குறை எதுவுமில்லை."

இதற்குள் மதிப்பீட்டுப் பிரிவு சங்கத்தின் மற்ற காரியங்களுக்கும் பரவியிருந்தது. கூட்டங்களில் தேநீரா காப்பியா என்று கேட்பதை நிறுத்தினார்கள். உறுப்பினர்களில் ஐம்பத்தெட்டுப் பங்கு தேநீர்ப் பக்கம், நாற்பத்திரண்டு பங்கு காப்பிப் பக்கம் என்று மதிப்பீடு சொன்னது. ஆகவே இரண்டையும் அதே விகிதத்தில் கலந்து ஒரே பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள். யாரும் குடிக்கவில்லை. குடிக்காதது பதிலளிக்க மறுத்ததாகப் பதிவானது.

வருஷா வருஷம் ஆடி மாதம் ஒரு கோவில் அம்மனுக்குச் சங்கம் புடவை நெய்து கொடுக்கும். வெள்ளிக்கிழமைக்குப் பச்சை என்று சொல்ல குருக்கள் சைக்கிளில் வந்தார். அம்மன் சார்பில் இன்னொருவர் விருப்பம் தெரிவிப்பது முறைகேடு என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அம்மனுடைய விருப்பத்தையும் கணித்தார்கள். ஒரு பதிலும் தராத நபருக்குச் சங்கத்தின் சராசரியே அவருடைய விருப்பம் என்பது முறையின் விதி. அம்மனுக்கும் பெரிய கரைக் கோர்வையே தொண்ணூறு சதவீதம் பிடிக்கும் என்று தாள் வந்தது. வாழ்த்துகள் என்று அதிலும் போட்டிருந்தது.

"அம்மனுக்கே தொண்ணூறு. உங்களுக்குத் தொண்ணூத்தொண்ணு," என்றாள் இந்திராணி. "பெரிய ஆளுதான் நீங்க."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு எழும்போது, தறிக்கம்பைப் பிடித்தும் எழ முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, காலை நீட்டி, சிரித்தமாதிரியே இருந்தாள். உதயகுமார் கையை நீட்டினான். "இருங்க, தானா எழுந்துப்பேன்" என்றாள். அவன் கையை எடுக்காமல் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவள் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எவ்வளவு கனமாகத் தன்மேல் இறங்கியது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு சிவப்பு உறை வந்தது. முனைவர் ராமராஜன் கையெழுத்துப் போட்டிருந்தார். மொத்தச் சங்கத்தில் யாருடைய விருப்பம் சராசரிக்கு மிக அருகில் இருக்கிறது என்று கணித்ததில் உதயகுமார் முதலிடம் பெற்றிருந்தான். பதின்மூன்று அட்டை அவனைப் பாதி தூரம் கொண்டுபோயின, மீதி தூரத்துக்குக் கணக்கு இழுத்துவிட்டது. ஆகவே அவனுக்குச் "சராசரி உறுப்பினர்" விருது. பரிசாக, தொடர்ந்து மூன்று வருஷத்துக்குப் பெரிய கரைக் கோர்வைப் பாவு மட்டுமே அவன் தறிக்கு வரும். விழா மேடையில் ஒப்பந்தத்தாள் கையெழுத்தாகும். பிறகு மாற்ற முடியாது.

"மூணு வருஷமா?" என்று கேட்டாள் இந்திராணி. கேலி எதுவும் சேர்க்கவில்லை. டாக்டர், இப்படியே போனால் ஒரு வருஷத்தில் நடையே போய்விடும் என்று சொல்லியிருந்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன், உன்..."

"என் பேரு வரக் கூடாது," என்றாள். "அதுக்கு நான் குந்திக்கினே செத்தாலும் சரி."

விழா நாளன்று மண்டபத்தில் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். மதிப்பீட்டுப் பிரிவு சரியாக மதிப்பிடுகிறதா என்று மதிப்பிட மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. குழுவின் தலைவி துர்காதேவி அம்மாளுக்கும் கலந்த பானம்தான் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தார். மண்டபத்துக்கு ஏழு படி. இந்திராணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கூட வந்த அக்காவிடம் புதுச் செருப்பு வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக ஏறினாள்.

ராமராஜன் எழுந்தார்.

"இந்த மேடையில் நிற்கும் நண்பரைப் பாருங்கள். இவர் எங்களிடம் வந்து ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை. நாங்களும் இவரை ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை. இப்படி ஒரு நல்லுறவு எந்த நிர்வாகத்தில் உண்டு? எங்கள் கணக்கின்படி, இவர் திருப்தியாக இருக்கிறார். உண்மையில் இவர் திருப்தியாக இல்லாமலிருந்தால்கூட, அது எங்கள் மதிப்பீட்டைப் பாதிக்காது. அந்த அளவுக்கு உறுதியான முறை இது. ஒரு சமயம் நான் யோசித்தேன், உறுப்பினர்களே இல்லாமல் இதை நடத்த முடியுமா என்று. முடியும். ஆனால் விதிப்படி ஆண்டுக்கு ஒரு விழா நடத்த வேண்டியிருக்கிறது. அதற்கு உறுப்பினர்கள் தேவைப்படுகிறார்கள்."

கைதட்டினார்கள். இந்த முறை உதயகுமார் தட்டவில்லை. அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள், அதனால் என்றுதான் முதலில் நினைத்தான். அது அவன் பேச வேண்டிய நன்றியுரை. அவன் என்ன பேச விரும்புவான் என்று மதிப்பிட்டு எழுதியிருந்தார்கள். பக்கத்து மேஜையில் ஒப்பந்தத்தாள், மேலே மூடி கழற்றிய பேனா.

மைக்கை அவன் உயரத்துக்கு இறக்கினார்கள்.

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே," என்று படித்தான். "என் மனதில் இருந்ததை நான் சொல்லாமலே அறிந்துகொண்ட..."

அங்கே நின்றான். அடுத்த வரி தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. கண் அதில் போகவில்லை. மூன்றாவது வரிசையில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்கு அடியில் அவள் கை முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தது அவனுக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் அவள் அக்கா.

உதயகுமார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

இந்திராணிக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணை அகல விரித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்னொரு தரமும் ஆட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் தலை அசைந்த திசைக்கு எதிராக அவன் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

"ஐயா, எனக்கு..." என்றான்.

தாளில் இல்லாத சொல் வந்ததும் மைக்செட்காரர் பொத்தானை அணைத்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ராமராஜன் சிரித்த முகத்தோடு பேனாவை எடுத்து நீட்டினார்.

தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவனுக்கு மைக் எதற்கு. பந்தலுக்கு வெளியே ஜமுக்காளம் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி உதயகுமார் சொன்னான்:

"ஐயா, எனக்கு ஒத்த நாடாப் பாவு வேணும். எம் பொண்டாட்டி இந்திராணிக்கு முட்டி தேஞ்சுபோச்சு. இனிமே அவள நான் தறியில குந்த வெக்க மாட்டேன். பாவ மாத்திக் குடுங்க."